பட்டன் இல்லாத விளையாட்டு

அன்புள்ள ரம்லத்துக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உம்மாவுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா?

நீ கொடுத்தனுப்பிய அனஸின் கேம் கருவியை ஊருக்குப் புறப்படும் அய்யூப் பாயிடம் திருப்பி அனுப்புகிறேன். பிள்ளையின் விரல்கள் வலுவிழந்தபோது, அதிலுள்ள பறவை விளையாட்டை ஒரே பட்டனில் ஆடும்படி மாற்றித் தந்தேன். இப்போது அதையும் அழுத்த முடியவில்லை என்றாய். இனி பறவை தானாகவே பறந்து மரங்களைத் தாண்டும்.

நான் வேலை பார்க்கும் பிரிக்பீல்ட்ஸ் ரிப்பேர் கடையில் அதை ஓட்டிப் பார்த்தபோது முதலாளி குரு அண்ணன் சிரித்தார்.

"பட்டனே இல்லாம என்ன கேம்லா இது?"

"என் மகனுக்குண்ணே."

அவர் எழுந்துபோய் எனக்குத் தேநீர் வாங்கிவந்தார்.

வேலை பெர்மிட் புதுப்பிக்கும்வரை பாஸ்போர்ட் கைக்கு வராது. டாக்டர் அவனுக்குச் சொன்ன கெடுவுக்குள் வந்துவிடுவேன் என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதே.

உன் பழைய சேலையில் எனக்கு ஒரு தலையணை உறை தைத்து அனுப்பு. இங்கே வாங்கியது உறுத்துகிறது. விளையாட்டைப் பார்த்து அனஸ் சிரித்தால் ஃபோனில் பதிந்து அனுப்பு.

பாய் செருப்பை மாட்டிவிட்டார், முடிக்கிறேன். கருவியை அவன் கைக்குள் வைத்து, விரலைப் பட்டன்மேல் பிடித்துக்கொள். அவன்தான் ஓட்டுகிறான் என்று சொல்.

ஜாகிர்