மூன்றாவது சிலிண்டர்

மார்ச் 4, திங்கள்

காலையில் வண்டி மறுபடியும் தகராறு. எங்கள் நாற்றுப்பண்ணை கேட்டைத் தாண்டி மேடு ஏறும்போது ஒரு குலுக்கல், அப்புறம் இழுவையே இல்லை. பின்னால் ரோஜாத் தொட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. முன்னால் மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

"என்னங்க, மிஸ்ஸிங் அடிக்குதுங்க!" என்று கத்தினேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கல்லு மாதிரி இருக்கு என்ஜின்" என்றார் இவர்.

தெருமுனையில் யார் வண்டி வந்தாலும், "அவனுக்கு பெல்ட் தளர்ந்திருக்கு" என்று வீட்டுக்குள்ளிருந்தே சொன்ன மனிதர் இவர். இன்று தன் வண்டி இருமுவது தன் காதுக்கு எட்டவில்லை. காது மிஷின் வாங்கிக் கொடுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பீரோவில் பெட்டியோடு தூங்குகிறது. கேட்டால், "நான் என்ன செவிடனா?" அந்தக் கேள்வியையும் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் கேட்பார்.

மார்ச் 6, புதன்

வண்டியில் அழுகின முட்டை நாற்றம். உரமூட்டை நாறுகிறது என்று சாதிக்கிறார். நாற்பது வருஷமாக உரம் மோந்தவளுக்குத் தெரியாதா?

மார்ச் 10, ஞாயிறு

இவருக்கு வண்டி கழுவும் நாள். பானெட்டைத் திறந்து, குழாயைப் பிடித்து என்ஜினுக்கும் சேர்த்து ஒரு குளியல். "அழுக்கு இருந்தா எங்க எண்ணெய் ஒழுகுதுன்னு எப்படித் தெரியும்?" என்பார். வண்டி வாங்கிய நாளிலிருந்து இதே கதைதான். முன்பு மாதம் ஒரு தடவை. காது மந்தமான பிறகு வாராவாரம். பேசத் தேவையில்லாத வேலை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி வாங்கிய புதிதில் மகள் எங்கள் நடுவில் உட்கார்ந்து வருவாள். வீடு வந்து சேர்வதற்குள் என் மடியில் சாய்ந்து தூங்கிவிடுவாள். அவள் எழுந்துவிடக் கூடாதே என்று நானும் இவரும் ரகசியம் போல் பேசிக்கொண்டு வருவோம். என்னென்னவோ பேசுவோம் — மாமியார் சொன்னது, எந்தச் செடி பிழைக்கும், யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டாம். என்ஜின் சத்தத்துக்கு நடுவில் ஒரு வார்த்தை தப்பாது இவருக்கு. கடைசியாக அப்படிப் பேசினது எப்போது? ஞாபகமே இல்லை. இப்போது "காப்பி வேணுமா" என்று கேட்கவே தொண்டை கிழிகிறது.

மார்ச் 11, திங்கள்

புகைச் சோதனையில் வண்டி தேறவில்லை. திங்கட்கிழமை என்றால் அதற்குக் கூடுதல் ரோஷம். சோதனை மையத்துக்குள் நுழையும்போதே இரண்டு தடவை நின்றது. இந்த மாதத்துக்குள் சரி செய்யாவிட்டால் ரோட்டில் எடுக்கக் கூடாதாம். தேறவில்லை என்று கொடுத்த சீட்டை இவர் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மகளுக்கு போன் செய்தேன். "பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டு வேற வாங்குங்கம்மா" என்றாள். உன்னைத் தூங்க வைத்த வண்டிடீ அது! வாய்வரை வந்தது. போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 13, புதன்

இவரைச் செடிகளோடு விட்டுவிட்டு நானே வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் இவருக்குப் பழைய சிநேகிதர். என்னை அண்ணி என்பார். ஒரு கருவியைச் சொருகிப் பார்த்தார்.

"மூணாவது சிலிண்டர் தீப்பிடிக்காம மிஸ் ஆகுது அண்ணி. புகைக்குழாய்ல புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டரும் காலி."

"போன வருஷம்தானே வேற பட்டறையில புதுசு போட்டோம்?"

"நோயை விட்டுட்டு வீக்கத்துக்கு மருந்து போட்டிருக்காங்க. மூணாவதுல எரியாத பெட்ரோல் நேரா கீழ போய் கன்வெர்ட்டருக்குள்ள எரிஞ்சிருக்கு. உள்ள உருகிப்போச்சு. முட்டை நாத்தம் அடிச்சிருக்குமே, அது இதுதான்." தட்டிக் காட்டினார். கிலுகிலுப்பை மாதிரி சத்தம்.

பிறகு தீப்பொறி கொடுக்கிற காயிலை மூன்றாவதிலிருந்து கழற்றி முதலாவதில் போட்டார், முதலாவதை மூன்றாவதில். மறுபடி ஓட விட்டால், இப்போது முதலாவது மிஸ் ஆகிறது. "பாத்தீங்களா, கோளாறும் காயில் கூடவே குடிபோயிடுச்சு" என்றார். சந்தோஷமாக இருந்தது எனக்கு. ஒரு காயில்தானே!

அப்புறம்தான் அந்தக் காயில் இருந்த குழிக்குள் டார்ச் அடித்தார். அடியில் தண்ணீர். சுற்றிலும் துரு.

"மேல இருக்கிற ரப்பர் தேஞ்சிருக்கு. ஆனா இவ்வளவு தண்ணி எப்படி வந்துது? என்ஜினை யாரு அண்ணி குளிப்பாட்டுறது?"

"வாராவாரம், ஞாயித்துக்கிழமை..." என்று இழுத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "அய்யய்யோ, அண்ணனா?" என்றார்.

மார்ச் 14, வியாழன்

சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது? பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, மெதுவாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. "நீங்க கழுவினதாலதான் வண்டி கெட்டுச்சு" என்று முற்றத்தில் நின்று கூவினால் அது வைகிற மாதிரிதானே இருக்கும்? இரண்டு தடவை ஆரம்பித்தேன். "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல, சாப்பிட வாங்க" என்றேன்.

பாவி மனுஷன், அந்த வண்டியைத் தவிர வேற எதையும் இப்படிக் கொஞ்சினதில்ல.

மார்ச் 16, சனி

வண்டி எடுக்க இருவரும் போனோம். பழைய காயிலை மறைத்து வைக்கச் சொல்லியிருந்தேன். பட்டறைக்காரர் மறந்துவிட்டார், மேஜை மேலேயே கிடந்தது. இவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துருவை நகத்தால் சுரண்டினார். அப்புறம் மூலையில் இருந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்தார்.  நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு நாளா மிஸ் அடிக்குது?"

போன வருஷத்திலிருந்து என்று கத்தினேன்.

"எனக்குக் கேக்கலையே" என்றார். குரல் உடைந்துவிட்டது. "என் வண்டி எனக்கே கேக்கலையே."

கல்யாணமான நாளிலிருந்து இவர் அழுது நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். நானும் அழுதேன். நல்லவேளை, தெருவில் யாருமில்லை.

மார்ச் 17, ஞாயிறு

குழாய் சுருட்டியபடியே கிடக்கிறது. இவர் வண்டிப் பக்கமே போகவில்லை.

மார்ச் 20, புதன்

புகைச் சோதனைக்குக் கிளம்பும்போது பீரோ திறக்கும் சத்தம். வெளியே வந்தவரின் காதில் மிஷின். நான் பார்க்காத மாதிரி செருப்பை மாட்டினேன். சாவியைத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். "நாலு சிலிண்டரும் ஓடுது" என்றார்.

வண்டி தேறிவிட்டது. திரும்பும் வழியில் வழக்கம்போல், "என்னங்க! வெயிலா இருக்கு, ஜூஸ் குடிப்போமா!" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். "ஏன் கத்தற? பக்கத்துலதானே இருக்கேன்."

 மேட்டுக்குக் கீழே வந்ததும், மகள் மடியில் தூங்கும்போது பேசுவேனே, அந்தக் குரலில் சொன்னேன்: "ஞாயித்துக்கிழமை வண்டி கழுவறத விட்டுடாதீங்க. பானெட்டை மட்டும் திறக்க வேணாம்."

ரோட்டைப் பார்த்தபடியே, அதே தாழ்ந்த குரலில் சொன்னார்.

"கேக்குது."