பதினேழாம் நம்பர் மருதமரம்

8-2-1953, ஞாயிறு

முதல் பஸ்ஸில் ராயகிரி. தனியாக. குருவி பார்க்கப் போகிறேன் என்றால் சிரிக்கிறார்கள். சீட்டாடப் போகிறேன் என்றால் தலையாட்டுகிறார்கள். என்ன ஜனங்களோ!

குளத்துக்கரை மருதமரத்தில் கண்டேன். மரங்கொத்தி. காக்கையைவிடப் பெரிது, உடம்பு கறுப்பு, வயிறு வெள்ளை, தலை சிவப்பு. நம் பக்கத்தில் இருப்பது முதுகு மஞ்சளானது. இது மலைக்காட்டுப் பறவை. குற்றாலத்துக்கு மேலே ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். இங்கே எப்படி வந்தது? பட்டுப்போன உச்சிக்கொம்பில் பொந்து. ஒன்று வெளியே வர, இன்னொன்று உள்ளே போனது. ஜோடி! கூடு வைத்திருக்கிறது! குறித்துக்கொள்ளும் அவசரத்தில் பென்சில் விழுந்துவிட்டது.

குனிந்து எடுக்கும்போதுதான் அடிமரத்தைப் பார்த்தேன். தாரில் 17 என்று எழுதியிருந்தது. பட்டமரம் என்று எங்கள் தாலுகா ஆபீஸ் ஏலம் விட்ட மரம். கொம்பு ஒன்றுதான் பட்டிருக்கிறது, மற்றதெல்லாம் பச்சை. எந்தக் குருடன் பார்த்து எழுதினான்?

9-2-1953

போனதும் போகாததுமாக ஹெட் கிளார்க் ஞானசம்பந்தத்திடம் கத்தினேன். எந்தக் கழுதை இதற்குக் கையெழுத்துப் போட்டது என்று. அவர் நிதானமாகப் பொடி போட்டுக்கொண்டு ஃபைலை என் பக்கம் திருப்பினார். ‘நேரில் பார்வையிட்டேன். முப்பத்தொரு மரங்களும் பட்டவை.’ கீழே என் கையெழுத்து.

“கழுதை யாருன்னு தெரிஞ்சிட்டா வே, சிவராமலிங்கம்?”

ஆபீஸே சிரித்தது.

ஐப்பசி மழையில், ஊர்க்கணக்கு எழுதும் கர்ணம் கொண்டுவந்த பட்டியல் அது. காபியைக் குடித்துக்கொண்டே போட்ட கையெழுத்து. எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். எல்லோரும்! குருவிக்காக ராயகிரி போகத் தெரிந்த எனக்கு, சர்க்கார் வேலையாகப் போகத் தெரியவில்லை. தூ.

10-2-1953

ஏலம் எடுத்த வெள்ளத்துரையைப் பார்த்துக் கெஞ்சினேன்.

“சனிக்கிழம வெட்டு. ஆள் சொல்லியாச்சி. பட்டமரம்னு நீங்கதான சார் எழுதிக் குடுத்திய?”

ஓங்கி அறையலாம் போலிருந்தது. அந்த ஆள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை, அதுதான் எரிகிறது.

11-2-1953

வழி ஒன்றுதான். நேரில் பார்க்காமலே கையெழுத்திட்டேன் என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டும்.

“புத்தி கெட்டுப் போச்சா வே? சித்திரையில உமக்குப் பதவி உயர்வு. பொய்க் கையெழுத்துன்னு நீரே எழுதிக் குடுத்தா வேலைக்கே உலை. ஒரு பறவைக்காவா?” என்கிறார் ஞானசம்பந்தம்.

வீட்டில் வடிவு அழுதாள். “உங்க கையெழுத்துலதான் நாலு வயிறு நிறையுது.” அவள்மேலும் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்தாள்? செய்தவன் நான்.

12-2-1953

எழுதிக் கொடுத்துவிட்டேன். நாலே வரி.

13-2-1953

வெட்டு நின்றது. முப்பத்தொன்றையும் வேறொருவர் போய்ப் பார்த்துவர உத்தரவு. எனக்கு மெமோ.

29-3-1953, ஞாயிறு

ராயகிரி. பொந்திலிருந்து ஒரு சின்னச் சிவப்புத் தலை எட்டிப் பார்த்தது.

18-5-1953

மேலநீலிதநல்லூர். மாற்றலாகி வந்து ஒரு வாரம். பதவி உயர்வு இல்லை. ‘குருவிக்கு வேலையை வித்தவன்’ என்று ஞானசம்பந்தம் ஊரெல்லாம் சொல்கிறாராம். சொல்லட்டும், பொடிமட்டை. எனக்கு ஆத்திரம் அதில் இல்லை. மறுபடி பார்த்தபோது ராயகிரிப் பட்டியலில் பதினொரு மரம் பச்சையாம். பதினேழாம் நம்பருக்குக் கீழே கால் மணி நேரம் நின்று என்னையே திட்டாமல் யாரையோ திட்டினேனே, பக்கத்தில் நின்றவற்றை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையே!

இன்று இந்த ஊர்க் கர்ணம் ஒரு பட்டியலை நீட்டினார். ஊருணிக்கரை வேம்புகள், எல்லாம் பட்டவை என்று.

“இங்கன ஒரு கையெழுத்து போட்டாப் போதும் சார். வெளிய அனலா அடிக்கு.”

பேனாவை மூடிவிட்டு சைக்கிளை எடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே அவரும் பின்னால் வந்தார்.

முதல் மரமே பச்சை.