பதினெட்டாம் எண்

மே 12, திங்கள்

இன்று முப்பத்து நாலு பேரும் வந்திருந்தார்கள். அதிசயம்தான். பரீட்சை முடிந்தாயிற்று, பாடமும் முடிந்தாயிற்று. இன்னும் இரண்டு வாரம் இந்த மூன்றாம் வகுப்பைக் கட்டி மேய்க்க வேண்டும். சுவரில் ஒட்டிய படங்களைக் கிழிக்காமல் எடுங்கள் என்றேன். அழகாகக் கிழித்தார்கள்.

அடுத்த வகுப்பு டீச்சருக்கான குறிப்புத் தாளை எச்.எம். கேட்டார். ஒரு குழந்தைக்கு ஒரு வரி. பெயர் போடக்கூடாது, வருகை எண் மட்டும். தாள் வெளியாள் கையில் சிக்கினால் வம்பு என்று அவருக்குப் பயம்.

மே 13

தொண்டை கட்டிவிட்டது. நாள் முழுக்கக் கைத்தட்டியே ஓட்டினேன்.

மே 14, புதன்

இரண்டாம் வகுப்பு டீச்சர் கத்தரிக்கோல் கேட்டு வந்தார். சாவிக்காரியைக் கூப்பிட்டேன். எங்கள் அலமாரிச் சாவி வருடம் முழுக்க அவள் கழுத்துக் கயிற்றில்தான் தொங்குகிறது. திறந்தாள், கொடுத்தாள், பூட்டினாள், விளையாட ஓடிவிட்டாள். டீச்சர் முகம் மாறிவிட்டது.

"இவகிட்டயா சாவி குடுத்து வெச்சிருக்கீங்க? கை நீளம்னு எழுதிக் குடுத்தேனே, படிக்கலையா?"

"அது பதினெட்டு டீச்சர். இவ பதினேழு."

"போன வருஷம் இவதான் பதினெட்டு!"

முதலில் எனக்குப் பிடிபடவில்லை. பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் எண் பையன் விடுமுறையில் வேறு பள்ளிக்குப் போய்விட்டான். அவனுக்குப் பின்னால் இருந்த எல்லோருக்கும் எண் ஒன்று குறைந்திருக்கிறது. நானோ பழைய குறிப்பைப் புது எண்ணோடு சேர்த்துப் படித்திருக்கிறேன். இருபத்திரண்டுக்கு 'வாயே திறக்க மாட்டான்' என்று இருந்தது. அவன் வருடம் முழுக்க வாயை மூடவே இல்லை. அதை என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்!

அப்படியென்றால், என் பதினெட்டு?

ஐயோ. முதல் பெஞ்சில் இருக்கும் அந்த ரெட்டைப் பின்னல் பிள்ளை.

மே 15, வியாழன்

'கை நீளம். பை மேல் ஒரு கண் இருக்கட்டும்.' இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையை என்னவெல்லாம் செய்திருக்கிறேன்.

முதல் பெஞ்சில், என் கண்ணுக்கு நேரே உட்கார வைத்தேன். இடைவேளையில் அவள் வகுப்பில் தனியாக இருக்கவே கூடாது. அது அவளுக்கு மட்டும் போட்ட சட்டம். கால் சுளுக்கிய வாரம்கூட நொண்டிக்கொண்டே வெளியே போனாள். அக்டோபரில் வண்ணப் பென்சில் பெட்டி காணாமல் போனபோது அவள் பையை மட்டும் எல்லோர் முன்னாலும் மேஜையில் கொட்டினேன். மறுநாள் பெட்டி அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது. "சரி சரி, கிடைச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் பெருக்கல் கணக்குக்குப் போய்விட்டேன்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். "விடும்மா. சின்னப் புள்ளைங்க, மறந்துடும்" என்றார், காய் நறுக்கிக்கொண்டே.

மறக்குமா? மூன்றாவதில் என் தலையில் குட்டிய டீச்சருக்கு மோதிரம் எந்த விரலில் இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியும்.

மே 16, வெள்ளி

விஷயம் எச்.எம். காதுக்குப் போய்விட்டது. "முதல்ல அந்தச் சாவியை வாங்குங்க. மத்ததை அப்புறம் பாக்கலாம்."

அலமாரியில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. எங்கள் பட்டியலில் இல்லாத ரப்பர் ஒன்று கூடுதலாகவே இருந்தது.

"வருஷம் பூரா போகாதது இனிமேலா போகப்போகுது? நான் வாங்க மாட்டேன்."

"அப்போ உங்க பொறுப்பு."

என் பொறுப்புதான். ஆனால் இதில் நான் மார்தட்டிக்கொள்ள எதுவும் இல்லை. குறிப்பைச் சரியாகப் படித்திருந்தால் அவள் கையில் சாவியைக் கொடுத்திருப்பேனா? சத்தியமாக மாட்டேன்.

மே 19, திங்கள்

என்னை மாதிரி ஒரு மண்டு இருக்க முடியாது. ஈடுகட்டுகிறேன் பேர்வழி என்று, ரெட்டைப் பின்னலைக் கூப்பிட்டு மாற்றுச் சாவியை நீட்டினேன்.

"வேணாம் டீச்சர்."

"ஏம்மா?"

"ஏதாவது காணாமப் போனா என்னைத்தான் கேப்பீங்க."

கோபமே இல்லை. இன்றைக்குத் திங்கட்கிழமை என்பது போலச் சொன்னாள். நான் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். எட்டு வயசு. எட்டு வயசுப் புள்ளைக்கு ஒரு வருஷமா இதைத்தானே சொல்லிக் குடுத்திருக்கே? நீயெல்லாம் ஒரு டீச்சர்!

மே 21, புதன்

எல்லோர் முன்னாலும் பையைக் கொட்டியவள் எல்லோர் முன்னாலும்தான் பேச வேண்டும். காலையிலேயே பேசிவிட்டேன்.

"அக்டோபர்ல பென்சில் பெட்டியைக் காணோம்னு இவ பையை மட்டும் கொட்டினேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு டீச்சர்!" வகுப்பே அதிர்ந்தது. மறந்துடுமாம்!

"அவ எடுக்கல. யாருமே எடுக்கல. பையைக் கொட்டினது என் தப்பு. பெட்டி கிடைச்ச அன்னைக்காவது அவகிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கணும், கேக்கல. இப்போ கேக்கறேன். என்னை மன்னிச்சிடும்மா."

இருபத்திரண்டாம் எண் வாயாடி கை தூக்கினான். "அப்போ நீங்க முட்டி போடுவீங்களா டீச்சர்?" எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "கொட்டினப்போ என் டிபன் டப்பா மூடி நெளிஞ்சிடுச்சு டீச்சர். வீட்ல நானே கீழ போட்டுட்டேன்னு சொன்னேன்" என்றாள்.

ஏழு மாதமாக இதை மனசில் வைத்திருந்திருக்கிறாள். சாயங்காலம் வாசலில் அவள் அம்மாவைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "அதுக்கு நான் அவளை அடிச்சேனே டீச்சர்" என்றார்.

மே 22, வியாழன்

குறிப்புத் தாளைக் கொடுத்துவிட்டேன். எண் போடவில்லை, பெயர் போட்டேன். எச்.எம். முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும். சாவிக்காரிக்கு: 'அலமாரிச் சாவி இவளிடம் இருந்தது. ஒன்றும் தொலையவில்லை.' ரெட்டைப் பின்னலுக்கு: 'இவளைத் தவறாகச் சந்தேகித்தேன். தவறு என்னுடையது.'

மே 23, வெள்ளி

கடைசி நாள். இடைவேளை மணி அடித்ததும் எல்லோரும் ஓடிவிட்டார்கள். ரெட்டைப் பின்னல் வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

"டீச்சர், நான் இன்னைக்கு உள்ளேயே இருக்கட்டுமா?"

"இரும்மா."

"நீங்க?"

"நான் வெளிய போறேன்."

பழக்கதோஷத்தில் மேஜை மேலிருந்த என் கைப்பையை எடுத்துவிட்டேன். எடுத்ததை அங்கேயே திரும்ப வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். பதினைந்து நிமிடம். உள்ளே பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. பிறகு கரும்பலகையில் சாக்பீஸ் சத்தம். ஜன்னல் பக்கமே நான் போகவில்லை.

மணி அடித்தது. கதவைத் தட்டிவிட்டு, அவள் "வாங்க டீச்சர்" என்ற பிறகு உள்ளே போனேன்.