அழுக்கு இல்லை, தாள்

அண்ணா, சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு இதைப் படி.

பலகை ஓரத்தில் ஒட்டிய பட்டையைத் துருத்தாமல் சீவ அப்பா செய்த பிளேடு வைத்த கட்டையை, அந்த ஜிக்கைச் சுத்தம் செய்யச் சொல்லி உன்னை யார் கேட்டது? அடியில் இருந்தது அழுக்கா? பிளேடு பலகைமேல் படாதிருக்க அவர் ஒட்டிய தாள்! நீ சுரண்டியதால் அலமாரிக்கான நான்கு கதவுகளிலும் கீறல். அதற்கும் "கண்ண எங்க வச்சிக்கிட்டு ஜிக்க ஓட்டுற?" என்று என்மேலேயே பாய்கிறாய்.

நீ சுரண்டியதில் பழைய ஜிக்கின் அடிக்கட்டையும் குழிந்துபோனதால் புது ஜிக் செய்தேன். தாள்தான் அமையவில்லை, மெலிந்தால் கீறுகிறது, தடித்தால் பட்டை துருத்துகிறது. கேட்டுக்கொள்ள அப்பாவும் உயிரோடு இல்லை.

மாற்றுப் பலகை வாங்கப் போகிறேன்.

குப்பைக்கூடையைக் கிளறி அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். உன் கல்யாணப் பத்திரிகை. அண்ணியிடம் மிச்சம் இருந்தால் ஒன்று வாங்கி வை. ஒட்டப்போவது நான், நீ ஜிக்கைத் தொடாதே.