மூட்டை முதலில் குதித்தது

மச்சான்,

நேற்றுச் சாயங்காலம் பேத்தி தன் கைப்பேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். "இதப் பாருங்க அம்மாச்சி." எந்த நாட்டுக்காரனோ, மலை விளிம்பில் நின்று கையை விரித்துக்கொண்டு குதிக்கிறான். தரை கிட்டே வந்துவிட்டது. "ஐயோ, விரியாதுடி, விரியாது!" என்று கத்திவிட்டேன். டப்பென்று பாரசூட் விரிந்தது. அவன் புல்லில் இறங்கிச் சிரித்தான். "இதுக்குன்னே தனியா தைக்கிறாங்களாம். அப்படியும் செத்துப் போறாங்களாம் அம்மாச்சி," என்றாள். எனக்குத் தெரியாதா? எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தானே. அவள் தேத்தண்ணி போட எழுந்து போனாள். நான் உங்களோடு சண்டை பிடிக்க உட்கார்ந்துவிட்டேன்.

சுதந்திரம் வந்த புதிதில் பட்டாளத்திலிருந்து நோர்வூட் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தீர்கள். அத்தை மகன். தோளில் பெரிய பை, அதற்குள் பட்டாளத்தில் கழித்துப் போட்ட ஒரு பாரசூட். வரிசை வீடுகளான எங்கள் லயத்து ஆம்பிளைகள் சுற்றி உட்கார்ந்தால் போதும், பர்மா வானத்திலிருந்து குதிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். என்ன வாய் மச்சான் உங்களுக்கு! ஒவ்வொரு தடவையும் ஆகாய விமானம் இன்னும் கொஞ்சம் மேலே போகும். கங்காணியான என் அப்பா அந்தக் கதையில் மயங்கித்தான் என்னை உங்களுக்குப் பேசி வைத்தார். நான் மயங்கியது வேறு விஷயத்தில். கொழுந்து நிறுக்கும் இடத்தில் வயதானவர்களின் கூடையை நீங்கள் இறக்கி வைப்பீர்கள். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்க மாட்டீர்கள்.

மாரியம்மன் திருவிழா நெருங்கிய ஒரு காலையில், பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, அப்பா எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார்: "தேர் முடிஞ்ச மறுநாள் நம்ம மாப்ள யானக்கல்லுல இருந்து பரசூட்டுல குதிக்கிறாரு. எல்லாரும் வந்துருங்க!" அந்தச் செங்குத்துப் பாறையிலிருந்து! யாரையும் கேட்கவில்லை, உங்களைக்கூட. பெரட்டில் சொன்னால் சொன்னதுதான். மத்தியானத்துக்குள் அடுத்த தோட்டம்வரை போய்விட்டது. தோட்டத்தை நடத்தும் தொரைக்கு நாற்காலி போடவும் ஏற்பாடாகிவிட்டது.

அன்று ஓடைக்கரையில் என்னை நிறுத்தினீர்கள். முகத்தில் ரத்தமே இல்லை. என் தலைத்துண்டை வாங்கி, நான்கு முனையிலும் நூல் கட்டி, ஒரு கல்லைத் தொங்கவிட்டு, மடித்து, கரைமேட்டிலிருந்து விட்டீர்கள். பொத்தென்று விழுந்தது. அப்புறம் மேலே ரோட்டு வளைவுக்கு ஏறிப் போய் அங்கிருந்து விட்டீர்கள். பாதி வழியில் விரிந்து ஆடி ஆடி இறங்கியது.

"விரியிறதுக்கு மொதல்ல கொஞ்சம் விழணும் புள்ள. பையில இருந்து துணி வரணும், கயிறு நீளணும், காத்துப் புடிக்கணும். யானக்கல்லுல அந்தக் கொஞ்சத்துக்குள்ள தரை வந்துரும். பள்ளத்துக் காத்து திருப்பிப் பாறையில அடிச்சாலும் அடிச்சுரும்."

"பின்ன பர்மாவுல எப்படிக் குதிச்சீங்க?"

கல்லிலிருந்து நூலை அவிழ்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "நான் குதிச்சதே இல்ல. மடிச்சுக் குடுக்கிற வேலை."

எனக்கு வந்த கோபம்! பொய் சொன்னதற்காக அல்ல. இவ்வளவும் தெரிந்த மனுசன், "குதிச்சுத்தான் ஆகணும், இல்லாட்டி மாமா ஒன்னைய எனக்குத் தரமாட்டாரு," என்றீர்களே, அதற்காக.

"தெரிஞ்சே போய் விழுவீங்களா? துண்டு துண்டா வர்ற வீரன் எனக்கு வேணாம். முழுசா வர்ற பயந்தாங்கொள்ளி போதும்!" என்றேன்.

உண்மையை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அது உங்கள் வாயிலிருந்து வரவேண்டியது. ரொட்டி சுட்டுப் போட்டுக்கொண்டே, "மொதல்ல ஒரு ஆள் கனத்துக்கு மண்மூட்டையக் கட்டி வுடுங்கப்பா. சனத்துக்கு ரெண்டு வேடிக்கையா இருக்கும்," என்றேன். இரண்டு வேடிக்கை என்றதும் அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

அன்றைக்கு யானைக்கல்லுக்குக் கீழே எள் போட இடமில்லை. நோர்வூட் கடைக்கார நானா கடலை விற்றார். தப்பு மேளம் அதிர்ந்தது. மேலே நீங்கள் மூட்டையைக் கட்டி, பையைத் திறக்கும் கயிற்றை மரத்தில் முடிந்தீர்கள். துணியை ஒழுங்காகத்தான் மடித்தீர்கள், அதில் கள்ளம் இல்லை, பக்கத்தில் நின்ற நான் சாட்சி. தள்ளினார்கள். துணி வெளியே வந்தது, நீண்டது, முறுக்கிப் பிழிந்த சேலை மாதிரி மூட்டைக்குப் பின்னால் ஓடியது. அவ்வளவுதான். மூட்டை பாறையில் மோதிக் கிழிந்தது. அதற்குப் பிறகுதான் துணி மெதுவாக வந்து அதை மூடியது. தப்பு நின்றுவிட்டது. "ஆத்தா!" என்று ஒருத்தி அலறினாள்.

அத்தோடு நீங்கள் தப்பித்தீர்கள். துணி பழசு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள். நீங்களோ கீழே இறங்கிப் போய், அத்தனை சனமும் கேட்க அப்பாவிடம் சொன்னீர்கள்: "துணி நல்ல துணிதான் மாமா. இந்த ஒசரம் பத்தாது. அது எனக்கு முந்தியே தெரியும். நான் ஒருநாளும் குதிச்சவன் இல்ல, மடிச்சுக் குடுத்தவன். பொண்ணு குடுக்கிறதும் குடுக்காததும் ஒங்க இஷ்டம்." உங்கள் குரல் நடுங்கியது. எவனோ விசிலடித்தான். தொரை எழுந்து போய்விட்டார்.

அப்பா சிதறிக்கிடந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உங்கள் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எம்மவ மட்டும் மூட்டைன்னு சொல்லாட்டி நானே ஒன்னையத் தள்ளியிருப்பேனேடா," என்று அழுதார். கங்காணி அழுது அந்தத் தோட்டம் அதுவரை பார்த்ததில்லை.

தையில் கல்யாணம். ஊர் வாய் சும்மா இருக்குமா? 'குதிக்காத மாப்பிள்ளை' என்ற பட்டம் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. விருந்துக்குப் போன இடத்தில் பாயை நீட்டி, "நீங்கதான் நல்லா மடிப்பீங்களே மாப்ள," என்பார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே மடித்துக் கொடுப்பீர்கள். அந்தத் துணியில் எனக்கு ரவிக்கை தைத்தீர்கள், மிச்சத்தைப் பிள்ளைகளுக்குத் தொட்டிலாகக் கட்டினீர்கள். கதை விடுவதையும் நிறுத்தவில்லை. சிறுத்தையை விரட்டியதாக ஒன்று சொல்வீர்களே, அதை நான் இன்றைக்கும் நம்பவில்லை. போகட்டும், அதில் யாரும் எங்கேயும் குதிக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் உங்களுக்கு முடி கொட்டியது, பல் போனது, காது மந்தமானது. வெற்றிலையை எனக்குத் தெரியாமல் இடிக்கிறேன் என்று ஊருக்கே கேட்க இடித்தீர்கள். ஒரு மாசி மாதத்தில், கட்டிலில் படுத்தபடி, என் கையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தீர்கள். அழுதேன், பொய் சொல்லவில்லை. இப்போதும் அழுவேன். ஆனால் கிழவனாகித்தானே போனீர்கள், மச்சான். உங்களைக் கிழவனாக்கிப் பார்த்தவள் நான் என்கிற திமிர் எனக்கு இன்னும் அடங்கவில்லை.