பார்த்தாலே போகிற மெசேஜ்

ஆடி 6, செவ்வாய்
காற்று. மெஸ் பலகை மறுபடி விழுந்தது. வாங்க வேண்டியது: து.பருப்பு, ம.தூள், பலகைக்குக் கம்பி.

மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரமும் கழுவியாச்சு. மூன்று மணிக்கு வாட்ச்மேன் மாதப்பன் வாசலில். "என்னக்கா, மறுபடி சமைச்சியா? சாப்பாடு தயார், வாங்கன்னு மெசேஜ் வந்துச்சே." நான் எதுவும் அனுப்பவில்லை. பின்னாலேயே அத்திப்பள்ளி லாரிக்காரர் மஞ்சு, அவர் கன்னடத்தில். "ஊட்டா ரெடினா அக்கா?" பிறகு கம்பெனிப் பிள்ளைகள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. உப்புமா கிண்டினேன். "உப்புமாவுக்கா மெசேஜ் போட்ட?" என்றான் மாதப்பன். தின்றது என்னவோ இரண்டு தட்டு.

இந்த ஆப் அண்ணன் மகள் செல்வி செய்தது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. சமையல் முடிந்து 'தயார்' என்று அமுக்கினால் வாடிக்கைக்காரர் எல்லோருக்கும் மெசேஜ் போகும். நேற்றுதான் ஏதோ புதிதாக மாற்றி அனுப்பினாள்.

ஆடி 7, புதன்
தூறல். மூன்று மணிக்கு அதே கூட்டம். ரவை காலி. செல்விக்கு போன்.
"கடைசியா எதை அமுத்துன, அத்தை?"
"ஒண்ணும் அமுத்தல. சும்மா பாத்தேன்."
"என்னத்த?"
"லிஸ்ட்ல ஒரு பேர."
"யாரு பேரு?"
எப்படிச் சொல்வது. கட்டிய நாள் முதல் அந்தப் பேரை வாயால் சொன்னதில்லை. போய்விட்டார் என்பதற்காக இப்போது சொல்லிவிட முடியுமா.
"திருப்பதி சாமி பேரு."
"உன் லிஸ்ட்ல பாதிப் பேரு அந்தச் சாமிதான்! வெங்கடேசனா, சீனிவாசனா, கோவிந்தராஜா?"
"மொதல்ல இருக்கறது."
"மாமாவா?" என்றாள்.

ஆமாம். ஆப் ஓடுகிறதா என்று பார்க்க அவரைத்தான் முதல் வாடிக்கைக்காரராகப் போட்டாள். தையில் போய்விட்டார். பேர் நிற்கிறது. கூடவே போட்டோ, வாய் நிறையச் சோறு. சட்டம் போட்டு மாட்டியதில் போலீஸ்காரர் மாதிரி முறைக்கிறார். அதனால் இதில்தான் பார்ப்பது, வேலை முடிந்தபின், தினமும்.

"ஞாயித்துக்கெழம வரேன். அதுவரைக்கும் தொறக்காத, அத்தை."

ஆடி 8, வியாழன், அமாவாசை
மெஸ் லீவு. அவருக்குப் படையல். வாழைக்காய், வடை, பாயசம். இலை போட்டுச் சுவர்ப் போட்டோவைப் பார்த்தேன். முறைக்கிற ஆளை எப்படிச் சாப்பிடக் கூப்பிடுவது. போனைத் திறந்துவிட்டேன்.

காக்காய்க்கு முன்னால் மாதப்பன் வந்துவிட்டான். "லீவுன்ன, வடை வாசன தெருமுக்கு வரைக்கும் வருது!" கூட்டமே வந்தது. அமாவாசை அன்றைக்குப் பசியோடு வந்தவரைத் திருப்பி அனுப்புவதா. உட்கார வைத்தேன். எனக்கு மிஞ்சியது பாயசம்.

"யாருக்கு அக்கா படையல்?" என்று மஞ்சு கேட்டார். சொன்னேன். எல்லோருக்கும் கை நின்றுவிட்டது. மாதப்பன் மட்டும், "அண்ணன் இருந்தா இந்நேரம் இன்னும் ரெண்டு வடை கேட்டிருப்பாரு" என்று இலையை நகர்த்தினான். வைத்தேன்.

ஆடி 11, ஞாயிறு
செல்வி வந்தாள். லேப்டாப்பை அரிசி மூட்டைமேல் வைத்து வேலை.
"தப்பு என்னுதுதான் அத்தை. நீ ஒருக்கா 'தயார்'னு அமுத்துனா அது அப்படியே நிக்குது. அப்புறம் எந்தப் பேர தொறந்தாலும் ஆப் திரைய மறுபடி வரையும். வரையற எடத்துலயே மெசேஜ் அனுப்பற வேலையையும் எழுதிட்டேன். காட்டறது தனி, அனுப்பறது தனின்னு வச்சிருக்கணும்."
"இனிமே எத்தன தடவ பாத்தாலும் ஒண்ணும் ஆவாதா?"
"ஒண்ணும் ஆவாது. பட்டன அமுத்துனா மட்டும்தான்."
பிறகு மெதுவாக, "மாமா நம்பர்தான் இப்ப இல்லையே. பேர எடுத்துரட்டுமா?"
"எடுத்துப் பாரு. அப்புறம் சோறு கேட்டு இந்தப் பக்கம் வராத."
"அய்யோ, எடுக்கல தாயி." அவருக்கு மட்டும் மெசேஜ் போகாதபடி செய்தாள். பேர் அங்கேயே.

ஆடி 12, திங்கள்
வெயில். மெஸ்ஸில் நல்ல கூட்டம். ராத்திரி சாம்பாரை அடுப்பில் ஏற்றிவிட்டுப் போனைத் திறந்தேன். வாசலைப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. மாதப்பன் கூட இல்லை. அவரைப் பார்த்தேன், நிதானமாக. அழுதேன். தட்டோடு வந்து யாரும் கெடுக்கவில்லை.

ஒன்றும் ஆகாது என்றாள் செல்வி. சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.