நரைத்தது உன்னுடையது, பளபளப்பது அவனுடையது

என் அன்பு மகளுக்கு,

உன் சித்தப்பாவாகிய சக்கரவர்த்தியும் உன் சித்தியாகிய எதிர்க்கட்சித் தலைவியும் இங்கே நலம். உன் நலம் அறிய ஆவல் என்று எழுத மாட்டேன், உன் மேல் அண்டம் குலுங்கும் கோபத்தில் இருக்கிறேன், ஆனாலும் நலமாக இருந்து தொலை. விவாகரத்து முடிந்து நீ கடல் தாண்டிப் போகும்போது நம் பால்கனிக் கம்பியில் இரண்டு செடிகளைத் தொங்கவிட்டு, ஒன்று என்னுடையது, இன்னொன்று அவருடையது, வந்து கேட்டால் கொடுத்துவிடுங்கள் என்றாயே, இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த இரட்டையர் மாதிரி இருக்கும் என்று சொன்னாயா? மண் வேண்டாம், தொட்டி வேண்டாம், காற்றைத் தின்றே உயிர் வாழும் சந்நியாசிகள். அடியில் சின்ன வெங்காயம் மாதிரி ஓர் உருண்டை, மேலே குடித்துவிட்டு வந்த ஆக்டோபஸ் மாதிரி எட்டுத் திசைக்கும் வளைந்து நெளிந்த கைகள். போனில் கேட்டபோது நீ சொன்ன லத்தீன் பெயர்களைத் திருப்பிச் சொல்லப் போய் என் பல் செட் சோபாவுக்கு அடியில் போய் விழுந்தது. "அதை விடுங்க சித்தப்பா, நரைச்ச மாதிரி சாம்பலா, மெல்லிசா ரோமம் இருக்கிறது என்னுது, வழவழன்னு பச்சையா பளபளக்கிறது அவரோடது" என்றாய். அவரோடதாம்! அவனுக்கு இன்னும் என்ன 'அவர்' வேண்டிக் கிடக்கிறது? உன்னுடையது உன் அப்பா கடைசியாக வாங்கித் தந்த செடியின் குட்டி, தாய்ச்செடி போய்விட்டது, இது ஒன்றுதான் மிச்சம் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் இத்தனை நீளத்துக்குக் கத்துகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை செடியை வாங்க வருகிறேன் என்று உன் மாஜிப் புருஷன், அந்த மூக்குக்கண்ணாடிக்கடைக்காரன், செய்தி அனுப்பினான். அவன் செடியை நாம் தாகத்தில் வாட்டிவிட்டோம் என்று ஒரு சொல் அவன் வாயிலிருந்து வரக்கூடாது என்று, காலையிலேயே இரண்டையும் வாளியில் முக்கி ராஜ குளியல் போட்டு வைத்தேன். அங்கேதான் உன் நரைத்த சந்நியாசி என்னை முதுகில் குத்தியது. தண்ணீர் பட்டால் நரை போய், ரோமம் மறைந்து, அதுவும் பச்சைப் பசேலென்று ஆகிவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் தலைக்கு அடிக்கும் சாயத்துக்குக்கூட அந்த வேகம் கிடையாது. அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்று "வணக்கம் சார்" என்கிறான். நீதிபதி கையெழுத்துப் போடும் வரை மாமா, போட்டதும் சார். சொட்டச் சொட்டத் தொங்கிய இரண்டையும் பார்த்தான், ஊருக்கெல்லாம் பார்வை விற்கிறவன், அவனுக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னால் இருவர் தலையும் வெடித்துவிடும் போல நின்றோம். கடைசியில் "இதுதான் என்னுது, எனக்குத் தெரியாதா" என்று ஒன்றைத் தூக்கினான், "தெரியாமலா எடுத்து வச்சிருக்கேன்" என்று நானும் மீசையை முறுக்கினேன். மத்தியானம் வரை காய்ந்த பிறகும் நம்மிடம் மிஞ்சியது பளபளவென்று பல்லைக் காட்டிக்கொண்டு தொங்கியது. உன் சித்தி பார்த்தாள். "போனது பொண்ணோடது. அது வயித்துல தண்ணி நின்னா அழுகிடும்னு அவ தலைபாடா அடிச்சுக்கிட்டாளே. உங்க கௌரவத்தை மடிச்சு பீரோவுல வச்சிட்டுக் கிளம்புங்க" என்றாள். அவனிடம் போய் நிற்பதைவிட மலையை முழுங்குகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், ராத்திரிச் சாப்பாட்டுக்கு அதையே முழுங்கச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் அவன் செடியைப் பையில் போட்டுக்கொண்டு அவன் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம், கழுத்துவரை தண்ணீர், அதில் உன் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. "ஆள் மாறிப் போச்சு, கொடு" என்றேன். "நேத்து நீங்களே கொடுத்தீங்க சார், இப்ப நல்லா இருக்கிறதைப் பார்த்து மனசு மாறிட்டீங்களா" என்கிறான், திருட்டுப் பட்டம் கட்டுகிறான் எனக்கு! கிண்ணத்திலிருந்து செடியை எடுத்துத் தலைகீழாக உதறினேன், அதன் வயிற்றிலிருந்து ஒரு குளமே அவன் மேஜை மேல் கொட்டியது. பிரேம்களுக்கு மேலே எரியும் விளக்கின் கீழே அதை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டேன். அவன் என்னை முறைக்க, நான் அவனை முறைக்க, கண் பரிசோதனைக்கு வந்த ஓர் அம்மாள் எங்கள் இருவருக்கும்தான் பரிசோதனை நடக்கிறது என்று நினைத்து வெளியே போய் உட்கார்ந்துவிட்டாள். காயக் காய நுனியிலிருந்து சாம்பல் இறங்கி வந்தது. அவன் தன் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தான். குனிந்தவன் நிமிரவே இல்லை.

நீங்கள் சேர்ந்திருந்த வீட்டில் தாய்ச்செடியோடு எல்லாச் செடிகளும் ஒவ்வொன்றாக அழுகியபோது, ஓர் உயிரைப் பார்த்துக்கொள்ள உனக்குத் துப்பில்லை என்று சபையில் சொன்னவன் அல்லவா அவன். இப்போது சொல்கிறான், "அவ வேலைக்குப் போனதும் நான்தான் தினமும் எல்லாத்துக்கும் தண்ணி நிரப்பி வைப்பேன் மாமா. சாம்பலா இருக்கேன்னு, வாடிப் போச்சுன்னு நினைச்சேன். நிறமே இதுதான்னு தெரியாது." "சார்னே கூப்பிடு" என்றேன். "அவகிட்ட நீங்க சொல்லிடறீங்களா" என்றான். "பழி சொன்னப்போ என்னை வச்சா சொன்னே, நீயே சொல்லு" என்று அவன் செடியை மேஜையில் வைத்து, இதுக்குக் குளிக்கப் பிடிக்கும், உனக்கும் கொஞ்சம் பழக்கிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் புது நம்பரைக் கேட்டான், கொடுக்கவில்லை. நீ கொடு என்றால் கொடுப்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

உன் செடி இப்போது தலைகீழாகத் தொங்குகிறது. அடி இலை இரண்டு தொட்டதும் கையோடு வந்துவிட்டன, நடுக்குருத்து மட்டும் இன்னும் இறுக்கமாக இருக்கிறது. பிழைக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். செத்தால் அது என் வாளியாலும் அவன் கிண்ணத்தாலும் செத்தது, முன்னால் செத்தவை அவனால் செத்தவை, ஒன்றுகூட உன்னால் இல்லை. சக்கரவர்த்தியாகிய நான் என் கையாலேயே எழுதித் தருகிறேன், எவனாவது கேட்டால் இந்தக் காகிதத்தை அவன் மூஞ்சியில் காட்டு.

நூறு வயசு வாழ்ந்து எங்களைத் திட்டிக்கொண்டே இரு. நம்பர் விஷயத்துக்குப் பதில் எழுத மறக்காதே, சித்தி தினமும் கேட்கிறாள்.

கோபம் தீராத,
உன் சித்தப்பா